இலையில் நான்கு பல்

கொல்லப்பட்டது ஒரு கோதுமைச் செடிதானா என்று தம்பி மூன்றாவது முறையாகக் கேட்டு உறுதி செய்துகொண்டான்.

"ஆமா," என்றார் பேராசிரியை. "அதுல என்ன சந்தேகம்?"

"சந்தேகம் ஒண்ணும் இல்லைங்க. துக்கம் விசாரிக்கறதுன்னா சரியான வீட்டுல விசாரிக்கணும்ல."

அக்கா அவன் பக்கம் திரும்பினாள். பிறந்ததிலிருந்து பார்த்துப் பழகிய பார்வை அது. தம்பி கைகளைக் கட்டிக்கொண்டு, செடி வளர்க்கும் கண்ணாடி வீட்டுக் கூரையை ரசிக்க ஆரம்பித்தான்.

அக்கா இருபது வருடம் இன்ஷூரன்ஸ் கம்பெனியில் இருந்தவள். தானாக எரிந்த கடைகள், தானாகக் காணாமல் போன கார்கள், செத்த பிறகும் வெளியூரில் சினிமா பார்த்தவர்கள் எல்லாரும் அவள் கையில் சிக்கியிருக்கிறார்கள். தம்பி மருந்து கம்பெனி விற்பனையாளன். டாக்டர்களைச் சிரிக்க வைத்தான், மருந்தை மட்டும் விற்கவில்லை. வேலை போனதும் அக்காவின் துப்பறியும் அலுவலகத்தில் சேர்ந்துகொண்டான். இங்கேயும் அதையேதான் செய்கிறான். அக்காதான் சிரிப்பதில்லை.

விஷயம் இதுதான். கோதுமைக்குத் துரு நோய் என்று ஒன்று உண்டு. இலையில் இரும்புத் துருவைப் போலச் செம்பொடி பூத்து, வயல் வயலாகத் தின்றுவிட்டுப் போகும் பூஞ்சை. பேராசிரியை ஒன்பது வருடம் பாடுபட்டு ஒரே ஒரு செடியை உருவாக்கியிருந்தார். அதன் மேல் துருப்பொடியை அள்ளித் தூவினாலும் அது சட்டை செய்யவில்லை. கதிர் வந்து விதை எடுக்கும் வரை காத்திருந்தார்கள். மூன்று வாரம் முன்பு, ஒரு வெள்ளிக்கிழமை மாலை பச்சைப்பசேலென்று இருந்த செடி, திங்கள்கிழமை காலை உச்சி முதல் அடி வரை துருவாக நின்றது. நோய் பரவும் என்று இயக்குநர் அன்றைக்கே அதை எரிக்கச் சொல்லிவிட்டார்.

பேராசிரியை இத்தனை நாள் காட்டியதெல்லாம் பொய்ப் படம் என்று ஆராய்ச்சி நிலையம் முழுக்கப் பேச்சு. அக்காவும் தம்பியும் வந்த அன்றே பிற்பகல் நிர்வாகக் குழு கூடுகிறது. வேலை போகும், அதோடு பேரும் போகும். அவர் விடாப்பிடியாக விசாரணை கேட்டார். விதிப்படி இயக்குநர் வெளியாளை வைத்தாக வேண்டும். வைத்தார். அக்காவும் தம்பியும் வந்து நின்றார்கள்.

"இந்தக் கண்ணாடி வீட்டுப் பூட்டுக்கு எத்தனை சாவி?" என்று அக்கா கேட்டாள்.

"மூணு. என்கிட்ட ஒண்ணு, இயக்குநர்கிட்ட ஒண்ணு, என் துணை ஆராய்ச்சியாளர் பஞ்சுகிட்ட ஒண்ணு."

"துரு வெளியே தெரிய எத்தனை நாள் ஆகும்?"

"குறைஞ்சது ஒரு வாரம். நான் அதைத்தான் தொண்டை கிழியக் கத்திக்கிட்டிருக்கேன். வெள்ளிக்கிழமை சுத்தமா இருந்த செடி திங்கள்கிழமை இப்படி ஆக வழியே இல்லை. வெள்ளிக்கிழமை உனக்குக் கண்ணு சரியாத் தெரியலைன்னு சொல்றார் இயக்குநர்."

"உங்களை 'உனக்கு'ன்னா சொல்றார்?"

"நான் அவர்கிட்ட படிச்சவ," என்றார் பேராசிரியை. அதைச் சொல்லும்போது அவர் முகத்தில் கோபம் இல்லை. அதுதான் அக்காவை யோசிக்க வைத்தது.

செடி சாம்பலாகிவிட்டது. மிச்சம் இருந்தது, எரிப்பதற்கு முன் பேராசிரியை அடம்பிடித்துக் கிள்ளி உறைய வைத்த ஒரு துண்டு இலை. அது கருவி அறையில் இருந்தது. அந்த அறையின் பொறுப்பாளருக்கு அங்கே லேசர் என்று பெயர். குளிருக்காகக் கம்பளிச் சட்டை போட்டிருந்தார். அலமாரி அளவு பெரிய ஒரு மெஷினிடம் தாழ்ந்த குரலில் ஏதோ சொல்லிக்கொண்டிருந்தவர், ஆட்கள் வந்ததும் நிறுத்திக்கொண்டார்.

"இது என்ன செய்யும்?" என்றாள் அக்கா.

"இலையை உறைய வச்சு, தலைமுடியைவிட மெல்லிசா சீவுவோம். கண்ணாடித் தகட்டுல ஒட்டி, மேலே மருந்து பூசுவோம். அப்புறம் லேசரால புள்ளி புள்ளியா சுடணும். ஒவ்வொரு தடவையும் அந்த இடத்துல இருக்கற புரதத்தோட துணுக்கு பறக்கும். மெஷின் அதை எடை போடும். எடையை வச்சு, இன்ன புரதம்னு கம்ப்யூட்டர் கண்டுபிடிச்சு, அந்தப் புள்ளிக்கு ஒரு நிறம் கொடுக்கும்."

"அதாவது," என்றான் தம்பி, "ஒரு ஊரையே வீடு வீடா சுட்டு, பறந்து வந்தவங்களை எடை போட்டு, யார் எங்க குடியிருந்தாங்கன்னு வரைபடம் போடறீங்க."

லேசர் கொஞ்ச நேரம் அவனையே பார்த்தார். "என் மனைவிக்கு இத்தனை வருஷமா இதைப் புரிய வைக்க முடியலை. எழுதிக் கொடுக்கறீங்களா?"

திரையில் முதல் படம் வந்தது. வெள்ளிக்கிழமை எடுத்த இலையின் குறுக்குவெட்டு. நரம்புகள் வரிசையாகத் தெரிந்தன. ஒவ்வொரு நரம்பையும் சுற்றிச் சிவப்பாக ஒரு வளையம்.

"இதுதான் காவல் புரதம்," என்றார் பேராசிரியை. "துரு இலைத் தோலைத் தாண்டி நரம்புப் பக்கம் சத்து உறிஞ்ச வரும். அங்கதான் இது மடக்கிப் பிடிக்குது. எல்லாரும் இத்தனை காலமா இந்தக் காவல் தோல்லதான் இருக்கும்னு நம்பிக்கிட்டிருந்தாங்க. பாடப் புத்தகத்துலயே அப்படித்தான் இருக்கு."

இரண்டாவது படம், திங்கள்கிழமை கிள்ளியது. நரம்புகள் இருந்தன. வளையம் ஒன்றுகூட இல்லை.

"முதல் படம் பொய்னு இயக்குநர் சொல்றார். ரெண்டாவது வேற செடின்னு நான் சொல்றேன்."

"அதே ரெண்டு படத்தைக் காட்டி ரெண்டு பேரும் ஜெயிக்கறீங்க," என்றாள் அக்கா. லேசர் பக்கம் திரும்பினாள். "இதுல நீங்க எங்களுக்குக் காட்டாதது என்ன?"

லேசரின் காது சிவந்தது. "காட்டாததுன்னு எதுவும்… அழுக்கு மட்டும்தான். கைபட்ட தோல், என் சட்டைக் கம்பளி, இந்த மாதிரி. அதையெல்லாம் கழிச்சுட்டுத்தான் படம் கொடுப்போம்."

"எரிஞ்ச கடைக்குப் போனா நான் முதல்ல அங்க இருக்கற குப்பைத்தொட்டியைத்தான் பார்ப்பேன். அழுக்கைப் போடுங்க."

திங்கள்கிழமை இலையில் ஒரு பகுதியை லேசர் சீவாமல், அப்படியே தகட்டில் அழுத்தி ஒற்றியும் வைத்திருந்தார். அந்தப் படத்தில் அழுக்கு தெரிந்தது. ஓரங்களில் மனிதத் தோல். அங்கங்கே ஆட்டுக் கம்பளி. நடுவில், கம்ப்யூட்டர் பெயர் சொல்லாத ஏதோ ஒன்று மட்டும் நான்கு புள்ளிகளாக மின்னியது. இரண்டு இரண்டாக, எதிரெதிரே.

"இது யாரு?"

"தெரியலை. கோதுமைப் புரதங்கள்ல தேடிப் பார்த்தேன், இல்லை."

"கோதுமைல தேடினா கோதுமைதான் கிடைக்கும். மிருகங்கள்ல தேடுங்க."

லேசர் தேடச் சொல்லிவிட்டுக் கையைப் பிசைந்தார். கம்ப்யூட்டர் நிதானமாக யோசித்தது. பிறகு ஒரு வரி சொன்னது. லேசர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி போட்டுப் பார்த்தார். அதே வரிதான்.

"பூனை," என்றார். "எச்சில்."

மெஷின் மட்டும் உறுமிக்கொண்டிருந்தது.

"பூனைகூட விரோதியா இருந்திருக்கு," என்றான் தம்பி. "இந்தச் செடி வாழ்ந்த வாழ்க்கையே சரியில்லை."

"கண்ணாடி வீட்டுக்கு ரெட்டைக் கதவு," என்று பேராசிரியை படபடத்தார். "எறும்பு நுழையாது. பூனை எப்படி?" சட்டென்று திரைக்குக் கிட்டே போனார். "நில்லுங்க. இந்தப் புள்ளிகளைச் சுத்தி மஞ்சளா இருக்கே, அதைப் பெருசு பண்ணுங்க."

நான்கு புள்ளிகளையும் சுற்றி மஞ்சள் நிறம் மெல்லப் பரவியிருந்தது.

"இது செடியோட புரதம்தான். காயம்பட்டா அந்த இடத்தைச் சுத்திச் செடி இதைக் கூட்டிக்கும். வெட்டின இலையில இது வராது. உயிரோட இருந்தப்போ கடிச்சிருக்கு. இவ்வளவு தூரம் பரவணும்னா, கடிபட்ட பிறகும் கொஞ்ச நாள் வாழ்ந்திருக்கு." குரல் இறங்கியது. "இது என் செடி இல்லை."

"பூனை இருக்கற வீட்டுல வளர்ந்த செடி," என்றாள் அக்கா. "துருவும் அங்கேயே பிடிச்சிருக்கு. சனி, ஞாயிறுல யாரும் இல்லாதப்போ தொட்டியோட மாத்தியிருக்காங்க. சாவி வச்சிருக்கறவங்கள்ல யார் வீட்டுல பூனை?"

பேராசிரியை பதில் சொல்லத் தயங்கினார். அந்த நேரம் பார்த்துக் கதவைத் திறந்துகொண்டு பஞ்சு உள்ளே வந்தார். அவருக்கு அந்தப் பெயர் ஏன் வந்தது என்று தம்பிக்கு அந்த நொடியே விளங்கிவிட்டது. வெள்ளைக் கோட்டு முழுக்கச் சாம்பல் நிற முடி.

"உங்க வீட்டுல பூனை இருக்கா?" என்றாள் அக்கா.

"இருக்கே," என்றார் பஞ்சு, முகமெல்லாம் மலர. "பாக்கறீங்களா?"

"குற்றவாளி தானாவே வீட்டுக்குக் கூப்பிடறது இதுதான் முதல் தடவை," என்று தம்பி அக்காவின் காதில் சொன்னான்.

ஊழியர் குடியிருப்பு பின்பக்கம்தான். பஞ்சுவின் சோபாவில் ஒரு கிழப் பூனை படுத்திருந்தது. ஆட்களைப் பார்த்து எழுந்திருக்க அதற்கு மனமில்லை. மரியாதைக்காக ஒரு கொட்டாவி மட்டும் விட்டது.

அக்கா குனிந்து அந்த வாய்க்குள் பார்த்தாள். ரோஜா நிற ஈறு, மேலேயும் கீழேயும். பல் என்று சொல்ல ஒன்றும் இல்லை.

"எல்லாம் கொட்டிப் போச்சு. பால்லயே ஓடுது," என்றார் பஞ்சு.

தம்பி பெருமூச்சு விட்டான். "நல்ல வக்கீல் வச்சிருக்கு."

அக்கா பூனையின் தலையைத் தடவியபடி கேட்டாள். "எங்கேர்ந்து வந்தது இது?"

"நம்ம ஆராய்ச்சி நிலைய வாசல்ல ஒரு அட்டைப்பெட்டியில யாரோ விட்டுட்டுப் போயிருந்தாங்க. இந்தக் கிழடும், ஒரு குட்டியும். இதை நான் எடுத்துக்கிட்டேன். குட்டியை இயக்குநர் வீட்டம்மா ஆசைப்பட்டுக் கேட்டாங்க."

"இயக்குநருக்குப் பூனை பிடிக்குமா?"

"பூனைன்னு ஒண்ணு வீட்டுல இல்லைங்கற மாதிரியே நடந்துப்பார். அது அவரைக் கடிக்கும்போதுகூட."

அக்கா நிமிர்ந்தாள். தம்பி தன் வாயைத் திறந்தான், எதுவும் வரவில்லை, மூடிக்கொண்டான். அது அபூர்வம்.

தெருவில் நடக்கும்போதுதான் அவனுக்குப் பேச்சு வந்தது. "அக்கா, நம்மளைக் கூலிக்கு வச்சவரே அவர்தான்."

"தெரியும்."

"வச்சவரையே பிடிச்சுக் கொடுத்தா, அப்புறம் யார் நம்மளை வைப்பாங்க?"

"வேகமா நட."

இயக்குநரின் மனைவி கதவைத் திறந்தார். மூன்று விரல்களில் பிளாஸ்திரி ஒட்டியிருந்தது. ஆராய்ச்சி நிலையத்திலிருந்து வருகிறோம் என்றதும், "வாங்க, அவர் சாப்பிட வர்ற நேரம்தான்," என்று உள்ளே அழைத்தார். அக்கா பூனையைப் பற்றி விசாரித்தாள். அது போதுமாக இருந்தது.

"அதை ஏன் கேக்கறீங்க. எதைப் பார்த்தாலும் பல்லால பிடிச்சுப் பார்க்கணும் அதுக்கு. என் விரல், செருப்பு, திரைச்சீலை. பாவம், அவருக்குப் பூனையே ஆகாது, ஆனா பாருங்க, அது மேயட்டும்னு ஒன்றரை மாசமா பால்கனியில கோதுமை வளர்க்கறார். இத்தனை வருஷத்துல எனக்காகக்கூட ஒரு பூச்செடி வச்சதில்லை."

"நாங்க பாக்கலாமா?"

பால்கனியில் ஏழெட்டுத் தொட்டிகள் வரிசையாக இருந்தன. நடுவில் ஒரு பெரிய பறவைக் கூண்டு. கூண்டுக்குள் பறவை இல்லை. ஒரு தொட்டி இருந்தது, தொட்டியில் ஒரு கோதுமைச் செடி. கூண்டுக்கு வெளியே ஒரு கறுப்புப் பூனை உட்கார்ந்து, கம்பிகளுக்கு நடுவே காலை விட்டு எட்டுமா என்று பார்த்துக்கொண்டிருந்தது.

"இதை மட்டும் பூனை தொடக்கூடாதாம்," என்றார் மனைவி. "கிட்டே போனாலே கத்தறார். பூனைக்கு வளர்க்கறதைப் பூனை தொடக்கூடாதுன்னா எனக்கு எப்படிப் புரியும்?"

தம்பி கூண்டைச் சுற்றி வந்தான். "அக்கா, ஆள் அகப்பட்டாச்சு. ஆனா இதுதான் அதுன்னு எப்படிச் சொல்றது? எனக்கு எல்லாக் கோதுமையும் ஒரே ஜாடைதான். மறுபடியும் லேசர்கிட்ட போய்ச் சுடச் சொல்லணுமா?"

அக்கா ஒவ்வொரு தொட்டியாகக் குனிந்து பார்த்துக்கொண்டே போனாள். ஒரு இலையை விரலால் வருடி, விரலை அவன் மூக்குக்கு நேரே நீட்டினாள். செம்பொடி.

"சுத்திப் பாரு."

அவன் பார்த்தான். எல்லாத் தொட்டியிலும் துரு. சில செடிகள் சருகாகிவிட்டிருந்தன. மூலையில் கொஞ்சம் இளம்புல் இருந்தது, அதிலும் புள்ளி புள்ளியாகத் துரு.

"அந்த மூலையில இருக்கறதை எப்ப விதைச்சீங்க?" என்று அக்கா கேட்டாள்.

"அது நான் விதைச்சது. கூண்டு வந்ததுக்கு மறுநாள். பூனை பாவம்னு."

அப்படியானால் மூன்று வாரம். கூண்டைச் சுற்றி நான்கு பக்கமும் நோய். இலையோடு இலை உரசுகிறது, காற்றில் பொடி பறக்கிறது. கூண்டுக்குள் இருந்த செடியில் ஒரு புள்ளி இல்லை. உச்சியில் அன்றைக்குத்தான் தலைகாட்டிய மாதிரி ஒரு பச்சைக் கதிர்.

"ஒன்பது வருஷம் அந்தம்மா நிரூபிச்சதை," என்றாள் அக்கா, "இவர் பால்கனியில மூணு வாரத்துல நிரூபிச்சிருக்கார்."

பின்னால் ஏதோ தரையில் விழுந்தது. கைப்பை. இயக்குநர் கதவில் சாய்ந்து நின்றார். முகத்தில் ஈயாடவில்லை. எவ்வளவு நேரமாக நிற்கிறார் என்று யாருக்கும் தெரியாது. அவர் பார்வை அக்காவிடமும் இல்லை, மனைவியிடமும் இல்லை. துருப்பிடித்த தொட்டிகளை ஒவ்வொன்றாகப் பார்த்து, கடைசியில் கூண்டில் வந்து நின்றது. தினமும் தண்ணீர் ஊற்றியவர்தான். இன்றைக்குத்தான் பார்த்தார்.

"ஒண்ணுகூட இல்லையா?" என்றார். "ஒரு புள்ளிகூட?"

"நீங்களே பாருங்க," என்றாள் அக்கா.

அவர் மண்டியிட்டுப் பார்த்தார். இலைகளின் அடிப்பக்கம்கூடத் திருப்பிப் பார்த்தார். பூனை அவர் மணிக்கட்டைக் கடித்தது. அவர் கவனிக்கவில்லை.

"பாடப் புத்தகத்தை எழுதினது நீங்கதானே?" என்றாள் அக்கா.

தலையசைத்தார். "முப்பது வருஷமா அதைத்தான் சொல்லிக் கொடுத்திருக்கேன். காவல் தோல்ல இருக்குன்னு. அவளுக்கும் சொல்லிக் கொடுத்தேன். அவ ஒரு படத்தைக் கொண்டுவந்து மேஜையில வச்சா. ஒரு வார்த்தை தப்பாப் பேசலை. 'ஐயா, கொஞ்சம் பாருங்க'ன்னா. அவ்வளவுதான்." நிறுத்தினார். "செடியைப் பிடுங்கிப் போட்டிருந்தா இவ்வளவு தூரம் வந்திருக்காது. கை வரலை. கொஞ்ச நாள் கழிச்சு எப்படியாவது திருப்பி வச்சுடலாம்னு நினைச்சேன். எப்படின்னுதான் தெரியலை."

"எங்களை ஏன் வச்சீங்க?" தம்பியால் பொறுக்க முடியவில்லை.

"உங்க விளம்பரத்துல நகை, கல்யாணச் சம்பந்தம், காணாமப் போன நாய்னு போட்டிருந்தது. செடின்னு இல்லை."

தம்பிக்கு முதல்முறையாகத் தொழில் மேல் ரோஷம் வந்தது. "நாய் கேஸ்ல நாங்க பத்துக்குப் பத்து சார்."

மனைவி பிளாஸ்திரி ஒட்டிய விரல்களால் கம்பியைப் பிடித்தபடி, "பூனைக்குன்னு சொன்னீங்க," என்றார். சத்தம் போடவில்லை. இயக்குநர் அந்த ஒரு வாக்கியத்துக்குத்தான் தலை குனிந்தார்.

"சாப்பாடு எடுத்து வைக்கட்டுமா?" என்றார் மனைவி, கொஞ்ச நேரம் கழித்து.

"வேண்டாம். நாங்க கிளம்பணும்," என்றாள் அக்கா. "சார், கூண்டை நான் தூக்கிட்டு வந்தா அது துப்பறிஞ்சது. நீங்க தூக்கிட்டு வந்தா அது வேற. ரெண்டுல எதுன்னு நீங்க சொல்லுங்க."

அவர் குனிந்து கூண்டை எடுத்தார்.

தன் காரிலேயே பின்சீட்டில், மடியில் கூண்டோடு உட்கார்ந்திருந்தார். வேகத்தடை வரும்போதெல்லாம் இரண்டு கையாலும் தொட்டியைப் பிடித்துக்கொண்டார். ஓட்டிய தம்பி பள்ளம் பார்த்து, மேடு பார்த்து, வாழ்க்கையில் ஓட்டாத அளவு மெதுவாக ஓட்டினான். வழியெல்லாம் ஒரு ஜோக்கும் அடிக்கவில்லை. அக்கா இரண்டு முறை அவன் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள்.

குழு கூடும் அறைக்கு வெளியே பெஞ்சில் பேராசிரியை தனியாக உட்கார்ந்திருந்தார். கூண்டைப் பார்த்ததும் எழுந்தார். இயக்குநர் அதை பெஞ்சில் வைத்து, கதவைத் திறந்து, தொட்டியை வெளியே எடுத்து நீட்டினார்.

பேராசிரியை அவர் முகத்தைப் பார்க்கவில்லை. கதிரைப் பார்த்தார். பிறகு ஆள்காட்டி விரலைத் தொட்டி மண்ணில் அழுத்தினார்.

"தண்ணி யார் ஊத்தினது?"

"நான்தான். தினமும்."

"அதிகமா ஊத்தியிருக்கீங்க. வேர் அழுகிடும்."

"ஆமா," என்றார் இயக்குநர். "தெரிஞ்சுதான் இருந்தது. பயத்துல ஊத்திட்டேன்."

உள்ளேயிருந்து கூப்பிட்டார்கள். பேராசிரியை ஒரு அடி எடுத்து வைத்தார். இயக்குநர் குறுக்கே கையை நீட்டித் தடுத்தார்.

"நான் முதல்ல பேசணும்மா. நான் பேசினதுக்கு அப்புறம் நீங்க பேசறதுக்கு ஒண்ணும் பாக்கி இருக்காது."

முதல்முறையாக 'நீங்க' என்று சொன்னார். அவர் அதைக் கவனித்தாரா என்று தெரியவில்லை. பேராசிரியை கவனித்தார்.

"பேசுங்க, ஐயா," என்றார். "செடி என்கிட்டயே இருக்கட்டும்."

இயக்குநர் சட்டையைச் சரிசெய்துகொண்டு, கதவைத் தள்ளி, உள்ளே போனார்.